அறிக்கையில் நான் எழுதாமல் விட்ட சுவர்

1. தொலைபேசி அழைப்பு

மாரி மழை சற்று விட்டிருந்த ஒரு காலை, நான் வேலை பார்த்த கந்தோருக்கு ரோஸ்மலர் மிஸ் போன் எடுத்தார்.

"தம்பி, நடுச்சுவர் வயிறு தள்ளி நிக்கிது. கட்டிலை இழுத்து மத்த அறைக்குள்ள போட்டிரிக்கன். ஒருக்கா வந்து பாருங்க."

குரலில் பதற்றம் இல்லை. முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நின்ற தாதி அவர். பதறியது நான்தான். அந்தச் சுவர் ஏன் தள்ளுகிறது என்று போகாமலே எனக்குத் தெரியும்.

2. இரண்டு இலக்கம், ஒரு கூரை

அப்போது நான் கட்டடப் பிரிவில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி விக்டோரியா ராணி காலத்து இரட்டை வீடு ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு கிளார்க்மாருக்காகக் கட்டியதாம். நடுவில் ஒரே சுவர். இடது வீட்டைத் திருப்பிப் போட்டால் வலது வீடு. இடது பக்கம் மிஸ் தனியாக இருந்தார். வலது பக்கம் புலேந்திரனின் மனைவிக்குச் சீதனமாக வந்தது. புலேந்திரன் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். இரண்டு மகள்மார். எங்கள் ஊர்ப்பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. அந்த அழைப்புக்குச் சில மாதம் முன்பு, பழைய வீட்டை உடைத்து மேலும் கீழுமாக இரண்டு வீடு கட்ட அவர் அனுமதி கேட்டிருந்தார்.

உடைக்க முன் மரபுரிமை மதிப்பு பற்றி ஓர் அறிக்கை வேண்டும் என்றார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது.

நாலு நாள் டேப் பிடித்து அளந்தேன். மிஸ்ஸின் பக்கம் அப்படியே இருந்தது: தேக்குக் கதவு, மரச்சட்டக் காற்றுப்பலகை, சுண்ணாம்புத் தரை. புலேந்திரனின் பக்கத்தில் விறாந்தையை அடைத்து அலுமினியம் ஜன்னல் போட்டிருந்தார்கள். கூரை ஓடுகளைக் கழற்றிவிட்டுச் சீட் அடித்திருந்தார்கள்.

நாலாம் நாள் ஏணி வைத்துக் கூரைக்குள் ஏறினேன். முகட்டு மரமும் அதன் கீழ்ச் சட்டங்களும் நடுச்சுவருக்கு மேலால் ஒரே ஓட்டமாக இரண்டு வீட்டுக்கும் போயின. சுவரில் பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் விரலால் தோண்டினேன். உள்ளே வெறும் களிமண் சாந்து. மழை படும் என்று நினைத்துக் கட்டிய சுவரே இல்லை அது. ஒரு வீடு மற்ற வீட்டை நனையாமல் வைத்திருந்தது. இதையெல்லாம் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

கந்தோரில் எஞ்சினியரிடம் சொன்னேன். "சேர், இது ரெண்டு வீடு இல்ல. ஒரு கட்டடம். ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதோணும்."

அவர் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. "விண்ணப்பம் எந்த வீட்டு இலக்கத்துக்கு வந்தது?"

"வலது பக்கத்துக்கு."

"அப்ப அதுக்கு எழுதுங்க. மத்ததுக்கு வேற பைல் திறந்தா ரெண்டு வருசம் இழுபடும். அந்த மனிசன் பொம்பிளைப் பிள்ளையள வச்சிட்டு அலையிறார்."

புலேந்திரன் மேல் எனக்கும் இரக்கம் இருந்தது. படிவமும் ஓர் இலக்கத்தைத்தான் கேட்டது. 'பெருமளவு மாற்றப்பட்டுள்ளது. மரபுரிமை மதிப்புக் குறைவு. ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். நடுச்சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

3. சிவப்பு அறிவித்தல்

வெயில் காலத்தில் வலது வீட்டை உடைத்தார்கள். முகட்டு மரத்தைச் சுவரோடு வைத்து அறுத்தார்கள். மழை தொடங்கியதும், மறைப்பில்லாமல் நின்ற நடுச்சுவரின் களிமண் கரைந்தது.

போன் வந்த அன்று மிஸ்ஸின் அறைக்குள் நான் போனபோது சுவர் நாலு அங்குலம் தள்ளியிருந்தது. முட்டுக் கொடுத்தால் நிற்குமா என்று கேட்டார். நிற்காது என்றேன். ஆபத்தான கட்டடம் என்ற சிவப்பு அறிவித்தலை எழுதியதும் நான்தான், அவர் கதவில் ஒட்டியதும் நான்தான். மிஸ் கல்லடியில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினார்.

"அளக்க வந்த நேரமே இது உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

"ஓம், மிஸ்."

அவர் சாவியை என் கையில் தராமல், வாசலில் நின்ற கிராம சேவகரிடம் கொடுத்தார்.

புலேந்திரன் மழையில் நனைந்தபடி தன் வெறுங்காணியில் நின்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே சேர். அந்தச் சுவருக்கு ஒரு கொங்கிறீட் தூணும் ரெண்டு அடி கூரையும் விட்டிட்டு உடைச்சிருப்பன். மறுகா புது வீட்டை அதோட ஒட்டியே கட்டியிருப்பன். எனக்கு அதால என்ன நட்டம்?"

அவர் சொன்னது சரி. உடைப்பதா வைப்பதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் அறிக்கை சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இப்படி மூன்றாவது வழி ஒன்று இருந்ததை ஒரு சமையல்காரர் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தார். அவரிடம் நான் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் இடது வீட்டையும் இறக்கினார்கள். மிஸ்ஸை அதற்குப் பிறகு ஒரு தடவை சந்தையில் கண்டேன். சுகம் விசாரித்தார். வீட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கண்ணால் கண்டதை எழுதுங்கள். படிவத்தில் இடமில்லாவிட்டால் இன்னொரு தாள் இணையுங்கள். எஞ்சினியர் அதைக் கிழித்துப் போட்டால் அது அவர் பொறுப்பு. என்னுடைய தாளை யாரும் கிழிக்கவில்லை. நான் எழுதவேயில்லை.