பெட்ரோல் மூடியில் சந்தனம்

எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் வெள்ளவத்தையில் நன்றாகக் கிளம்பும். இரத்மலானைக்கு முன் நின்றுவிடும். பிளக்கை மாற்றியும் கார்பரேட்டரைக் கழுவியும் பயனில்லை. விற்க நினைத்தேன். மனைவியோ வெள்ளிதோறும் கோயில் சந்தனத்தை டாங்கி மூடியில் இன்னும் தடிப்பாகப் பூசினாள்.

ஒருநாள் தெகிவளையில் நின்றது. பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. உதைத்ததும் ஸ்டார்ட் ஆனது. மூடியின் காற்றுத் துளையைச் சந்தனம்தான் அடைத்து, பெட்ரோல் இறங்காமல் செய்திருந்தது.

“பாத்தீங்களே, சந்தனம் வைச்சது வீண்போகேல்லை,” என்றாள், பின்னால் இருந்தவள்.

மனம் நோகுமென்று காரணத்தைச் சொல்லவில்லை. “ஓம், இனி ஹெட்லைட்டில வையும். அதுதானே நெத்தி.”

அடுத்த வெள்ளி ஹெட்லைட்டில் பொட்டு வைத்தாள். பிறகு சேலை ஊசியைக் கழற்றி, மூடியின் துளையில் மிச்சமிருந்த சந்தனத்தையும் குத்தி எடுத்தாள்.

வண்டியை விற்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாதென்று நினைப்பதையும் விட்டுவிட்டேன்.