கூடையில் மிஞ்சிய மீன்

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன புதிது. தலைக்கு மேலே கையை வளைத்தால் அந்தப் பக்கத்துக் காது எட்டவில்லை என்று பள்ளிக்கூடத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காது எட்டுகிறவரை எனக்கு இருந்த ஒரே வேலை கேள்வி கேட்பது. முகத்துவாரக்குப்பத்தில் என்னைக் கண்டாலே பெரியவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அம்மா ஒருத்திதான் நின்று பதில் சொல்வாள். அவளுக்குப் பதில் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒரு நாள் கத்தாழை மீன் தலையைக் கடித்தபோது பல்லில் ஒரு வெள்ளைக் கல் தட்டுப்பட்டது. மீன் தலைக்குள் கல் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாமா தெரியும். வேற மீனு தலையிலயும் கீதான்னு பாரேன்" என்றாள் அம்மா.

பார்த்தேன். கரையில் மீன் எடுத்து, ரயிலேறிக் காலடிப்பேட்டைக்குப் போய்த் தெருத்தெருவாக விற்பது அம்மாவின் பிழைப்பு. மறுநாள் காலை கூடையை வாசலில் இறக்கிவிட்டு அவள் சேலை மாற்ற உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் நான் ஒரு கல்லை எடுத்துப் பாதி மீன்களின் மண்டையைப் பிளந்துவிட்டேன். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்களிடம் தலை நசுங்கிய மீனை எப்படி விற்பது?

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "பொட்டப்புள்ளைக்கி இன்னாத்துக்கு இந்த ஆராய்ச்சி? ராயபுரத்துல எம்பொண்ணு வூட்டுக்கு அனுப்பிடு. தொட்டில ஆட்டிகினு கெடக்கட்டும்."

நான் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அந்தக் குழந்தைக்கு அழுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனிடம் போய் நான் என்ன கேட்பது?

அம்மா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம், "எதுல இருந்திச்சி?" என்றாள்.

"கெளுத்தில கீதும்மா. கானாங்கெளுத்தில தேடிட்டேன், காணோம்."

"நாந்தான் பாக்கச் சொன்னேன். பொண்ணு இங்கியே இருக்கட்டும்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, மீனை வகிர்ந்து உப்புப் போட உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும். இனிமே இவ வெளையாட்டுக்குன்னு ஒரு மீனு இந்த வூட்டுக்குள்ள வந்துச்சி, அன்னிக்கே ராயபுரம்தான்" என்றாள் அத்தை. எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

அதற்குப் பிறகு அம்மாவின் வியாபாரம் படுத்துவிட்டது. சாயங்காலமானால் கூடையில் ஒரு மீன் மிஞ்சி வரும். "போணியாவல" என்பாள். ஒரு நாள் சங்கரா, ஒரு நாள் வவ்வால், ஒரு நாள் திருக்கைக் குட்டி. எப்படியும் குழம்புக்குப் போகிற மீன்தானே என்று, ஆய்வதற்கு முன் என் கையில் கொடுப்பாள். நான் வாயைத் திறந்து பார்த்து, துடுப்பை விரித்துப் பார்த்து, கடைசியில் கல் தேடுவேன். விக்கத் துப்பில்லை என்று அத்தை முணுமுணுப்பாள். எனக்கும் அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில், அம்மா கூடை காலியாக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

ஒரு முறை என்னையும் காலடிப்பேட்டைக்குக் கூட்டிப் போனாள். மீன் ஏறக்குறைய தீர்ந்த நேரத்தில், ஒரு வீட்டம்மாள் கூடையின் அடியில் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கினார். கிளிமீன். பச்சை உடம்பும் கிளி மூக்குமாக, எங்கள் கரையில் எப்போதோ ஒன்று கிடைக்கும். அதுவரை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"இதைக் குடும்மா."

"அது வாணாம்மா. நேத்து மீனு" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள்? பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்து, "இல்ல, காத்தாலதான் எடுத்தது. செவுளைப் பாருங்க" என்றேன்.

செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. மீன் அந்த வீட்டுக்குள் போய்விட்டது. அதன் தலையில் கல் இருக்குமா என்று பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தேன்.

காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலடிவரை அம்மா விடுவிடுவென்று நடந்தாள். எல்லாம் விற்றுத் தீர்ந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்ததையெல்லாம் ஏன் ஏன் என்று கேட்ட நான், காலையில் எடுத்த மீனை அம்மா நேற்று மீன் என்று ஏன் சொன்னாள் என்று மட்டும் கேட்கவில்லை.