அம்மா சிவப்புச் சீலை உடுத்திய ஞாயிறு

பூச்சி உருண்டை மணத்தால் வீடு நிறைந்தால் அது சனிக்கிழமைப் பின்னேரம். அம்மா றங்குப்பெட்டியைத் திறந்து, மறுநாள் பூசைக்குச் சீலை எடுக்கிறார் என்று அர்த்தம்.

அச்சுவேலியில் எங்கள் வீட்டுக்குக் கலண்டரே தேவைப்பட்டதில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பீடத்தில் குருவானவர், எங்கள் சுவாமி, எந்த நிற அங்கியோ, கீழே வாங்கில் அமரும் அம்மாவும் அந்த நிறம். பொதுக்காலம் முழுக்கப் பச்சை. தவக்காலத்துக்கு ஊதா. இயேசு உயிர்த்த பாஸ்குவுக்கு வெள்ளை. பெந்தகோஸ்துக்குச் சிவப்பு. இருந்ததே நாலு நல்ல சீலைதான்… அதுவும் ஒரு வசதி!

பாஸ்கு வந்தால் அப்பாவுக்குக் கொண்டாட்டம்.

"என்னப்பா, நான் உயிரோடை இருக்கேக்கையே வெள்ளையோ?" என்று பகிடி விடுவார். அம்மா முறைப்பார்.

ஒரு தவக்காலத்தின் நடுவில், நெஞ்சுவலி என்று படுத்த அப்பா எழும்பவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஊதாச் சீலையோடு பூசைக்குப் போய்வந்தார். ஊருக்கு அது பிடிக்கவில்லை. பாஸ்கு வந்தது, அம்மா வெள்ளைக்கு மாறினார். 'இப்பதான் சரி' என்று எல்லோருக்கும் நிம்மதி. பாஸ்குக்காலம் முடியும்வரை அந்த நிம்மதி நீடித்தது…

பெந்தகோஸ்து ஞாயிறு காலை. அம்மா சிவப்புச் சீலையோடு முற்றத்தில் இறங்க, அப்பாவின் அக்கா, என் மாமி, வாசல் படலையில் வந்து நின்றார்.

"புருசன் போய் மூண்டு மாசம் ஆகேல்லை. அதுக்குள்ளை சிவப்போ? உப்பிடிக் கோயிலுக்கு வெளிக்கிட்டால் எங்கடை வீட்டுப் பக்கம் வராதையும், சொல்லிப்போட்டன்!"

அப்பா போனபிறகு எங்களுக்கு இருந்த ஒரே சொந்தம் அந்த வீடுதான்.

அம்மா சத்தம் போடவில்லை.

"மச்சாள், வெள்ளை பாஸ்குவின்ரை நிறம். சந்தோசத்துக்கு உடுத்திறது. அவர் போன துக்கத்துக்கு நான் உடுத்தினது ஊதா. அதை நீங்கள் ஒருத்தரும் காணேல்லை. இண்டைக்குத் தூய ஆவி நெருப்பாய் இறங்கின நாள். சுவாமியும் சிவப்புத்தான் போடுவார். அவரையும் மறிச்சுக் கேளுங்கோ."

ஐயோ, என்ன பெருமை எனக்கு! அந்த நேரத்தில் பெருமையைவிடப் பயம்தான் கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

மாமி கனகாலம் எங்களோடு கதைக்கவில்லை. அம்மா அதை நினைத்து அழுததும் உண்டு. ஆனால் வெள்ளைக்குத் திரும்பியது சுவாமியும் வெள்ளை போடும் திருநாட்களுக்கு மட்டும்தான்.

இன்று எங்கள் கோயிலில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் விரும்பிய நிறத்தில் வருகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'நாளைக்குச் சிவப்பு' என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வேறு!

அன்றைக்கு அப்படியில்லை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று, என் கையை இறுக்கிப் பிடித்தபடி நடுவால் நடந்து, முதல் வாங்கில் போய் இருந்தார் என் அம்மா.