என் புருஷன் கழற்றிய தாலி

என் புருஷன் மலாயாவில் சிகாமட் ரயில்வே ஸ்டேஷனில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. ஆனால் ஊரில் யாரும் அவரைக் கிராணியாக நினைத்ததில்லை. நாடகச் சபாவின் ராணி என்றால்தான் தெரியும். ஸ்திரீபார்ட் போடுகிறவர். மீசை கிடையாது. என் சேலை என்னைவிட அவருக்குத்தான் நன்றாக நிற்கும். அதில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இருந்ததில்லை, தீபாவளிக்குப் பிறகு வரப்போகிற நான்கு நாடகங்களின் நோட்டீஸ் வரும்வரை.

அதை அவரே வாசித்துக் காட்டினார். ராஜா இல்லை, ராட்சசன் இல்லை, நான்கும் இந்தக் காலத்துக் கதை. முதல் நாடகத்தில் அவர் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண். இரண்டாம் காட்சியிலேயே அவள் புருஷன் செத்துப்போகிறான். மேடையில் எல்லாரும் பார்க்கத் தாலியைக் கழற்ற வேண்டும். பழைய நாடகங்களிலும் புருஷன்கள் செத்தார்கள்தான். கடைசியில் சாமி வந்து எழுப்பிவிடும். புது நாடகத்தில் செத்தவன் செத்தவன்தான்.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. இரண்டு வருஷம் முன்னால்தான் மூத்தவளை, பதினோரு மாதக் குழந்தையை, காய்ச்சலில் பறிகொடுத்திருந்தேன். வயிறு பார்க்க வரும் மலாய்க்கார மருத்துவச்சி முதல் நாளே சொல்லியிருந்தாள்: பந்தாங், பிள்ளைத்தாய்ச்சிக்கான விலக்கு, உனக்கு மட்டும் இல்லை, உன் புருஷனுக்கும் உண்டு, சாவுக் காரியம் எதையும் அவர் தொடக் கூடாது.

“தாலிய அறுக்கிறது நீங்க. அப்ப சாகிறது யாரு?” என்று கேட்டேன்.

“அது வேஷம்தானே.”

“மேடையில நீங்க பொண்டாட்டி. வீட்டுல உங்களுக்குப் பொண்டாட்டி நான். போறதுன்னா நான்தானே போகணும்? கணக்கு சரியா இருக்கா, கிராணி?”

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எப்போதும் அப்படித்தான், வாயில் கொழுக்கட்டை. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே ஒத்திகைக்குப் போன மனுஷன் அவர். கல்நெஞ்சுக்காரர் என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தேன்.

அவர் போய்ச் சொல்லியிருப்பார்போல, மறுநாள் நாடக வாத்தியார் வந்து வாசலிலேயே நின்றார். “நோட்டீஸ் காஹாங் வரைக்கும் போயிருச்சு, தங்கச்சி. அவர் இல்லாம முதல் நாடகம் இல்ல. அது விழுந்தா மத்த மூணும் விழுந்துரும். மறுபடி ராஜா கிரீடத்தத்தான் தூசி தட்டணும்.”

“தட்டுங்க. எனக்கு உசுரு வேணும்.”

“ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு ஒரு தடவ வந்து பாருங்க. அப்பவும் வேணாம்னா நானே நோட்டீஸக் கிழிச்சிடுறேன்லா.”

போனேன். பார்க்க இல்லை, நிறுத்தத்தான் போனேன். ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த மரக்கொட்டகையில் பட்டப்பகலில் ஒத்திகை. ஆர்மோனியக்காரரையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். என் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சை விட்டார்கள். என் புருஷன் சேலை கட்டி வளையல் போட்டிருந்தார், கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. அவர் கை அதில் படட்டும், இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாடகத்தில் புருஷன் செத்த செய்தி வந்தது. இனி மாரில் அடித்துக்கொண்டு பாடுவார் என்று பார்த்தால், பாடவில்லை. ஆர்மோனியம் நின்றுவிட்டது. தரையில் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்தார். உடனே முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். முடிந்தார். திரும்பவும் அவிழ்த்துப் பார்த்தார்.

அது நான். குழந்தையைப் புதைக்கத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அவள் கையிலிருந்த கருவளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அன்று முழுக்க அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். இவர் பார்த்திருக்கிறார். இரண்டு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்திருக்கிறார். திருட்டுப் பாவி என்று ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது தாலி அவர் கையில் இருந்தது. கத்த மறந்துபோயிருந்தேன்.

“என்ன தங்கச்சி, கிழிச்சிடட்டுமா?” என்றார் வாத்தியார்.

என் புருஷன் தரையிலிருந்தபடியே என்னைப் பார்த்தார். பயம் எனக்குப் போகவில்லை. வயிற்றில் பிள்ளை உதைத்துக்கொண்டுதான் இருந்தது. பெஞ்சைப் பிடித்து எழுந்து அவர் பக்கத்தில் போனேன்.

“ஒண்ண விட்டுட்டீங்க,” என்றேன்.

“என்னது?”

“முடியுறதுக்கு முன்னாடி வளையல மோந்து பாத்தேன். பால் வாசம் இருந்துச்சு.”

அவர் முந்தானை முடிச்சை மறுபடியும் அவிழ்த்தார்.