வி அடித்தால் வண்டி

பந்தலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜஸ்டஸ் நடத்திய பிரௌசிங் சென்டரில் கூட்டித் துடைக்கத்தான் அம்சவேணி சேர்ந்தாள். பதினெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள். தேயிலை விலை சரியச் சரிய எஸ்டேட்டில் வாரத்துக்கு நாலு நாள் வேலை, பிறகு ரெண்டு நாள் என்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பாக்டரிச் சங்கும் நின்றுபோனது. புருஷன் தங்கையா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவளையும் கூப்பிட்டான். ஐந்து வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள், இன்னொரு தடவை மூட்டை கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஜஸ்டஸ் வெளியூர் போகிற நாட்களில் கடை அவள் பொறுப்பு. அப்படி ஒரு நாள் வந்த ஒருவர், தன் ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். அம்சவேணி ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. ரயில்வே பக்கத்தின் நீளமான முகவரியை அடிக்கும்போது ஏதோ ஓர் எழுத்து விட்டுப்போக, வரன் தேடும் விளம்பரம் ஒன்று திரை நிறையத் திறந்துகொண்டது.

“எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க இருக்குதும்மா,” என்றார் அவர், கடைக்கே கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

மறுநாள் ஜஸ்டஸிடம் கேட்டாள்: “தம்பி, இம்புட்டு நீளத்துக்கு அடிக்க எனக்கு ஏலாது. ஒரே ஒரு எழுத்த அடிச்சா அந்த எடத்துக்குப் போகாதா?”

சிரிக்கப் போன ஜஸ்டஸ், சட்டென்று எதையோ நினைத்துக்கொண்டு ரயில்வே பக்கத்தைத் திறந்தான். டிக்கெட் நம்பர் போடும் கட்டத்தின் மேல் மவுசின் வலது பட்டனை அழுத்தினான். சின்னதாக ஒரு பட்டியல் விரிந்தது.

“இதுக்கு ஒரு சுருக்கப் பேரு வைக்கலாமாம்க்கா. பி-ன்னு வைக்கட்டுமா? பி.என்.ஆருக்கு பி.”

“பி மறந்துபோயிரும். வண்டிதானே பாக்குறோம்? வி வைங்க.”

அன்றிலிருந்து மேலே இருக்கும் முகவரிப் பட்டையில் வி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, டிக்கெட் நம்பரைப் போட்டால் போதும், விவரம் வந்து நின்றது. அடுத்து பரீட்சை மார்க்குக்கு எம் வைத்தார்கள். கொழுந்து விலை பார்க்க வருகிறவர்களுக்குக் கே. ஆறே மாதத்தில், ஜஸ்டஸ் இருந்தாலும் ஆட்கள் அம்சவேணியிடமே வந்தார்கள்.

மே மாதம் இடி மழையில் அவளுடைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ஜஸ்டஸ் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் கடையைத் திறந்து எம் அடித்துப் பார்த்தாள். எதுவும் திறக்கவில்லை. வைத்திருந்த சுருக்க எழுத்துகள் ஒன்றுமே புது டிஸ்கில் இல்லை.

போன் போட்டாள். “எனக்கு வர சாயங்காலம் ஆயிரும்க்கா. வர்றவங்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிருங்க,” என்றான் ஜஸ்டஸ்.

அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. மேஜைக்கடியில் கிடந்த கழிவுக் காகிதக் கட்டைப் பிரித்துப் போட்டாள். போன வருஷம் யாருக்கோ எடுத்த மார்க் பிரிண்ட் ஒன்று அகப்பட்டது. அதன் அடியோரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அந்தப் பக்கத்தின் முகவரி. ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்துக்கொண்டு அடித்தாள். இரண்டு தடவை தப்பானது. மூன்றாம் தடவை திறந்தது. நம்பர் போடும் கட்டத்தின் மேல் வலது பட்டனை அழுத்தினாள். அதே பட்டியல் விரிந்தது. எம் என்று அடித்தாள்.

பத்து மணிக்குக் கடை வாசலில் நிற்க இடமில்லை. இன்டர்நெட் லைன் ஆமையாக ஊர்ந்தது. ரிசல்ட் தளத்தின் முகப்பைத் திறக்கவே மற்ற கடைகளில் கால் மணி நேரம் ஆயிற்று. அவளுடைய எம் அந்த முகப்பைத் தொடாமல் நேரே மார்க்குக்குப் போனது. அவளோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த ஆண்டாயியின் மகள் சரிதா பாஸ். ஆண்டாயி அங்கேயே அழுதாள். விமல் என்ற பையனுக்குக் கணக்கு போய்விட்டது. அம்சவேணி அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவனைக் கிட்டே கூப்பிட்டாள்.

“கணக்கு மட்டும் சுணங்கிருச்சு மகன். அடுத்த மாசமே எழுதிரலாம். அழப்படாது.”

சாயங்காலம் வந்த ஜஸ்டஸ், கூட்டம் இன்னும் கலையாததைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நம்பர்களை வாங்கி எழுதிக் கொடுத்தான். கடைசி ஆளும் போனபிறகுதான் பேசினான்.

“நாளையில இருந்து கூட்டுறதுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்க்கா. நீங்க கம்ப்யூட்டரை மட்டும் பாருங்க.”

அம்சவேணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குட்டை ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

“கூட்டுறத நானே கூட்டிக்கிறேன் தம்பி. உயரமா ஒரு நாற்காலி மட்டும் வாங்கிப் போடுங்க.”