நான்காம் எண் ஆணி

நான் வேலைக்கு வந்துவிட்டேன் என்பதை இந்த ஜெனீவா நகரத்தில் தினமும் முதலில் அறிவிப்பது ஒரு வாசல்தான். விமானங்கள் கோபுரங்களில் மோதிய அந்தச் செப்டம்பருக்குப் பிறகு உலகத்தில் எல்லா இடங்களிலும் வைத்ததுபோல எங்கள் கட்டடத்து வாசலிலும் உலோகம் கண்டுபிடிக்கிற, கதவில்லாத ஒரு நிலையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் அதற்குள் நுழைந்து பேசாமல் போய்விடுவார்கள். நான் நுழைந்தால் மட்டும் கீச்சென்று கத்தும். என் கழுத்துச் சங்கிலியில் ஒரு பித்தளை வில்லை தொங்குகிறது; பழைய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் பெரியது, ஓரத்தில் ஒரு துளை, ஆணியால் தட்டித் தட்டிப் பொறித்த 4 என்ற எண். காவலர் மார்செல் முதல் நாள் அதை ஏதோ புனிதரின் படம் என்று நினைத்தார். என் ஓட்டைப் பிரெஞ்சில் "அப்பா, தங்கச் சுரங்கம்" என்றேன். அவர் உடனே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். என் அப்பா சுரங்கத்தில் செத்துப்போய்விட்டார் என்று முடிவே கட்டிவிட்டார் மனுஷன்! எங்கள் நைனா, அதாவது அப்பா, கோலார் தங்கவயலின் கோரமண்டல் குடியிருப்பில் உயிரோடு, அதுவும் மூக்கு நுனியில் கோபத்தோடு இருக்கிறார் என்று விளக்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. அன்றிலிருந்து தினமும் கீச் சத்தம், பிறகு மார்செலின் இரக்கப் பார்வை, பிறகுதான் எனக்குக் காப்பி.

நைனா சுரங்கத்துக்குள் இறங்கியவர் இல்லை. ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில், டோக்கன் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பித்தளை டோக்கனைப் பலகையிலிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும்; மேலே வந்ததும் அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று பொருள். அந்த ஆணி நிறையும்வரை ஷிஃப்ட் முடியாது. இந்த வழக்கத்தை நைனா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். தேய்ந்துபோய்க் கழித்த டோக்கன்கள் நான்கைத் தேய்த்து மெருகேற்றி எண் பொறித்து, கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் நான்கு ஆணி அடித்து மாட்டினார். அவர் ஒன்று, அம்மா இரண்டு, அண்ணன் சேகர் மூன்று, நான் நான்கு. பள்ளிக்கூடமோ, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டோ, ஆண்டர்சன்பேட்டைச் சந்தையோ, வெளியே போகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வந்து மாட்ட வேண்டும். நான்கும் தொங்கினால்தான் கதவின் மேல் தாழ்ப்பாள் விழும். என் சிநேகிதிகள் "உங்க வீடு இன்னாடி மைன்ஸா?" என்று சிரிப்பார்கள். வெட்கமாக இருக்கும். ஆனாலும் பரீட்சை நாட்களில் பையில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தொண்ணூற்றாறில் தட்டச்சுத் தேர்வில் தேறி இங்கே வேலைக்குக் கிளம்பிய அன்று நான்காம் எண்ணை எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மேல் தாழ்ப்பாள் விழவே இல்லை என்று சேகர் பிறகு ஒருநாள் சொன்னான்.

என் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரிக்கு அப்பால் பனி மூடிய மலை தெரியும். மூடுபனிக் காலையில் அடிவாரம் கரைந்துபோய், உச்சி மட்டும் எதிலும் ஒட்டாமல் வானத்தில் நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் எடுத்துத் தள்ளுவார்கள். எனக்கோ அந்த நேரத்தில் தொண்டை காய ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரின் வெள்ளை மலை சயனைட் மேடு. தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய மாவு மாதிரியான மண்ணைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி வளர்ந்தது. மழைக்கு அதில் வாய்க்கால்கள் விழும், வெயிலுக்குப் பளபளக்கும். நிலா வெளிச்சத்தில் அதைப் பார்த்து நான் எத்தனையோ கனவு கண்டிருக்கிறேன், பொய் சொல்வானேன். ஆடிக் காற்று ஆரம்பித்தால் அந்த அழகெல்லாம் எழுந்து வீட்டுக்குள் வந்துவிடும். தண்ணீர்ப் பானையில், சாதத்தில், தலையணையில், கடைசியில் அம்மாவின் நெஞ்சில். இங்கே பனி மெல்ல விழுகிறபோது சில நொடிகள் எந்த ஊரில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. கையை நீட்டி ஒரு துளி வாங்கிப் பார்ப்பேன். அது கரைந்தால் ஜெனீவா.

இந்த வருடம் பிப்ரவரி முடிவில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஷிஃப்ட்டுக்கு ஊதுகிற சங்கு நின்றுபோனதால் ஊரில் யாருக்கும் நேரமே தெரியவில்லை என்று அம்மா சொன்னாள். அவளுடைய மூச்சிரைப்பு மட்டும் நேரம் தவறாமல் வந்தது. ரயிலில் பங்காருபேட்டை வழியாகத் தினமும் பெங்களூருக்குப் போய்வந்துகொண்டிருந்த சேகர் அங்கேயே மூன்றாம் மாடியில் ஒரு வீடு பார்த்துக் குடிபோய்விட்டான். "இந்த மண்ணுல இருந்தா அம்மா தேற மாட்டாங்க" என்று டாக்டரே சொல்லியும் நைனா அசையவில்லை. காரணம் கேட்டால் பலகையைக் காட்டுகிறாராம். "நாலு இன்னும் வரல. ஆளு வெளிய இருக்கும்போது எடத்த உட்டுட்டுப் போறதா?" அம்மாவின் மூச்சும் நைனாவின் பிடிவாதமும் மோதுகிற இடத்தில், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், என் கழுத்தில் அந்த வில்லை.

இதில் என் வேலையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். நீடித்த வளர்ச்சிக்கு உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து கொள்கை வகுக்கிற கூட்டங்களில் நான் தட்டச்சு செய்கிறேன். பூமியிலிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் நாளைக்கு வருகிறவர்களுக்கும் மிச்சம் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதை எழுத இவர்களுக்கு மாதங்கள் ஆகின்றன. யாருக்காவது ஒரு சொல் பிடிக்கவில்லை என்றால் அதைச் சதுர அடைப்புக்குள் போடச் சொல்வார்கள். எல்லோரும் சம்மதித்தால் அடைப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்லையே எடுக்க வேண்டும். அடுத்த வருடத்துப் பெரிய மாநாட்டுக்கான வரைவில் சுரங்கங்களைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. சுரங்கம் இயங்கும் காலத்திலும், அடைப்புக்குள் [மூடப்பட்ட பின்னரும்], அந்த ஊர் மக்களின் நலனைக் காக்க வேண்டும் என்று. அந்த இரண்டு சொற்களை முதன்முதலில் தட்டியபோது என் விரல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டையே யாரோ தூக்கி அந்த அடைப்புக்குள் வைத்ததுபோல் இருந்தது.

அந்த வாரம்தான் நான் அந்தப் புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தேன். சங்கிலியிலிருந்து வில்லையைக் கழற்றி, பஞ்சில் சுற்றி, பதிவுத் தபாலில் நைனாவுக்கு அனுப்பிவிட்டேன். "நாலாம் நம்பர் வந்துவிட்டது, மாட்டிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பு" என்று ஒரு துண்டுக் கடிதம். அட, இது எனக்கு முன்பே தோன்றாமல் போயிற்றே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலை வாசல் கத்தவில்லை. மார்செல் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தைத் தொட்டுக் காட்டி என்னவோ கேட்டார். "ஊருக்கு அனுப்பிவிட்டேன்" என்றேன். புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார். அந்தச் சத்தம் இல்லாமல் உள்ளே போவது யாருமில்லாத வீட்டுக்குள் போவதுபோல் இருந்தது.

அனுப்பிய பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுப் போனில் நைனா வந்தார்.

"பாப்பா, டோக்கன் வந்துச்சி."

"மாட்டிட்டியா நைனா?"

"இன்னாத்த மாட்டறது? டோக்கன் வந்துச்சி, ஆளு எங்க?"

"இப்ப எப்படி நைனா வர்றது? லீவு கெடைக்காது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது. நீ மாட்டிட்டுக் கெளம்பேன்."

"ஆளில்லாத டோக்கன மாட்டுன்னு எங்கிட்டயே சொல்றியா நீ?" அவர் குரல் உடைந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. என்னிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

நான் பிறப்பதற்கு முன்பாம். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு மேலே வந்த நேரம். ஒருவன் தன் டோக்கனோடு கூட்டாளியின் டோக்கனையும் சேர்த்து நீட்டினான், "பின்னாடியே வர்றான்" என்று. நைனா முகத்தைப் பார்க்காமல் இரண்டையும் வாங்கி மாட்டிவிட்டார். பலகை நிறைந்தது. கேஜை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூட்டாளி கீழே, விளக்கு அணைந்துபோய், அடுத்த ஷிஃப்ட் இறங்கும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"உசுரோடதான் வந்தான் பாப்பா. ஆனா அப்புறம் ஒரு நாளும் எம் மொகத்தப் பாக்கல. டோக்கன நீட்டுவான், எங்கனா பாத்துக்குனு போவான். அவன் ரிட்டயர் ஆவற வரைக்கும்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும், நைனாவின் ரத்தம் வேறு எப்படி இருக்கும்? "சரி நைனா, அம்மாவுக்கு மூச்சு நின்னுபோச்சுன்னா ரெண்டாம் நம்பர எங்க மாட்டுவ?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் போனை வைக்கிற சத்தம். நாக்கைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க ஏரிக்கரையில் நடந்தேன். மூடுபனியில் படகுகளின் பாதி மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றும் யாரையோ கீழே விட்டுவிட்டு வந்துகொண்டிருப்பதாக எனக்குப் பட்டது.

மறுநாள் சுரங்கப் பத்தி விவாதத்துக்கு வந்தது. அந்த இரண்டு சொற்களுக்காக முதலிலிருந்து மல்லுக்கட்டியவர் செம்பு வெட்டுகிற ஒரு சின்ன நாட்டுப் பிரதிநிதி. எந்நேரமும் கம்பளிச் சால்வை போர்த்தியிருப்பதால் எனக்கு அவர் சால்வைக்காரர். மதிய இடைவேளைக்குப் பிறகு சால்வை நாற்காலியில் இருந்தது, அவரைக் காணோம். தலைவர் சுற்றிலும் பார்த்தார். "ஆட்சேபம் இல்லை என்றால் அடைப்புக்குள் இருப்பதை நீக்கிவிடலாம்" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சுவரில் விழும் திரையைப் பார்த்தார்கள். என் விரல் அழிக்கிற பொத்தானின் மேல் இருந்தது. முகத்தைப் பார்க்காமல் வாங்கி மாட்டிய ஒரு கையை அப்போது பார்த்தேன். அது என் கை மாதிரியே இருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தட்டச்சு செய்கிறவள் பேசக் கூடாது; நாற்காலி மேசைக்கு உள்ள உரிமைதான் அந்த அறையில் எனக்கும். பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரி மோனிக் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒருவர் இன்னும் வரவில்லை" என்றேன் ஆங்கிலத்தில்.

தலைவர் நல்ல மனுஷர்தான். பொறுமையாகச் சொன்னார்: "மேடம், அறையில் இல்லாதவர் ஆட்சேபிக்கவில்லை என்றுதான் இங்கே கணக்கு."

"எங்கள் ஊரில், இல்லாதவர் கீழே இருக்கிறார் என்று கணக்கு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. யாருக்குமே புரியவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் ஜன்னலைத் திறந்தார். நான் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன், இவ்வளவு மெதுவாக நான் எதையும் குடித்ததே இல்லை. தம்ளர் காலியாவதற்குள் சால்வைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், ஊருக்குப் போன் பேசப் போயிருந்தாராம். திரையைப் பார்த்ததும் ஆட்சேபம் என்று கையைத் தூக்கினார். அடைப்பு அப்படியே இருந்தது, அதற்குள் அந்தச் சொற்களும் இருந்தன. வெற்றி என்றெல்லாம் இல்லை. அடுத்த கூட்டத்தில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பிரிவுத் தலைவி சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு வைத்துக் காய்ச்சி எடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. பஞ்சுக்குள் நான்காம் எண். கூடவே கோடு போட்ட தாளில் நைனாவின் கொட்டை எழுத்து:

"பாப்பா, நாங்க சேகர் வீட்டுக்கு வந்துட்டோம். அம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் தேவலை. நீ கேட்டது சரிதான், கேட்ட விதம் தப்பு. போர்டைக் கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். வாடகை வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சேகர் குதிச்சான். அடிச்சிட்டேன். எடம் மாறலாம், ஆனா டோக்கன் ஆளோடதான் இருக்கணும், அதனால திருப்பி அனுப்பறேன். நாலு காலியாத்தான் இருக்குது. நீ வந்து உன் கையால மாட்டு. மேல் தாழ்ப்பாள் போட மாட்டேன்."

அம்மா ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். இங்கே ஜன்னலைத் திறந்தால் மண் வரவில்லை, பஸ் சத்தம்தான் வருகிறது, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். கோட்டுக்கு மேலே என் படமும் பெயரும் போட்ட பிளாஸ்டிக் அட்டை, கோட்டுக்கு உள்ளே பித்தளை. அட்டையை வேலையை விட்டுப் போகிற அன்று இந்தக் கட்டடத்துக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மற்றதை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. கோரமண்டல் வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் பார்த்தேயிராத ஒரு மூன்றாம் மாடிச் சுவரில், வெறும் ஆணியாக, நான் இருக்கிறேன்.

வாசல் கீச்சென்று கத்தியது. மார்செலின் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்கள் அப்பா திரும்பி வந்துவிட்டாரா?" என்றார், என் கழுத்துச் சங்கிலியைக் காட்டி.

"அவர் வந்துவிட்டார்" என்றேன். "நான்தான் இன்னும் வரவில்லை."

அவருக்குப் புரியவில்லை. தொப்பியைத் தொட்டு, உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார்.