நேற்று வரை இல்லாத விரிசல்

போன மாதம் என் பத்திகளைப் படிக்கும்போது இடையிடையே 'டடடட' என்று சத்தம் கேட்டதா? எங்கள் வீட்டில் சுவர் உடைத்த பிரேக்கர் மெஷின்தான். எங்கள் ஏரியா, காக்ஸ் டவுன் முழுக்கக் கேட்டது.

வீட்டின் பின்பக்கம் இருந்த பழைய குளியலறையை இடித்துவிட்டு, அங்கே ஓர் அறை. எனக்கே எனக்கென்று, உட்கார்ந்து எழுத! கணவரிடம் பதினைந்து வருடம் கெஞ்சி வாங்கிய வரம்.

திங்கட்கிழமை மெஷினைப் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டில் பக்கத்து வீட்டு தாமஸ் அங்கிள்.

"ஷீலா, எங்க ஹால் சுவத்துல விரிசல் விட்டுடுச்சும்மா. நேத்து வரைக்கும் இல்ல!"

பதறி ஓடினேன். விரிசல் இருந்தது — சீலிங்கிலிருந்து சுவிட்ச்போர்டு வரை. அதற்குள் ஒரு சிலந்தி, வலை கட்டிக் குடியிருந்தது. பத்து நிமிடத்தில் கிரகப்பிரவேசமே முடித்துவிட்டதா அது?

செவ்வாய்க்கிழமை கிச்சன் டைல்ஸ். புதன்கிழமை பாத்ரூம் கதவு. வியாழக்கிழமை... ஆன்ட்டியின் மிக்ஸி! வீடு முழுக்கப் பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்றார் அங்கிள்.

மேஸ்திரி முருகேசனிடம் பொருமினேன். தர்மபுரிக்காரர். இந்த ஏரியாவில் பாதி வீடுகளை இடித்தவர்.

"எல்லா சைட்லயும் உண்டு மேடம். இந்தப் பக்கம் இடிச்சா அந்தப் பக்கம் வீடு புதுசாயிடும். பேசாம அடிச்சுக் குடுத்துடுங்க."

விடுவேனா? போனைத் துழாவினேன். போன கிறிஸ்துமஸுக்கு அங்கிளே அனுப்பிய போட்டோ சிக்கியது. கேக், பேரன், பேத்தி... பின்னால் அதே சுவர், அதே விரிசல். மறைக்க ஒரு காகித நட்சத்திரம் வேறு!

காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். தெருவில் நாலு பேரிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். ஜெயித்ததைத் தனியாகக் கொண்டாடி எனக்குப் பழக்கமில்லை. அங்கிள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

சனிக்கிழமை அஸ்திவாரக் குழி தோண்டி முடித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான காம்பவுண்டு சுவர், குழியின் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. முருகேசன் வானத்தைப் பார்த்தார். கருத்துக்கொண்டு வந்தது.

"நம்ம பக்கம் குழி, முட்டுக் குடுக்க இடமில்ல. அங்கிள் தோட்டத்துல இருந்துதான் இழுத்துக் கட்டணும் மேடம். மழை புடிச்சா சுவரு குழிக்குள்ள. அப்புறம் ரூமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

என் பதினைந்து வருடக் கெஞ்சல்! வெட்கத்தை விட்டு அங்கிள் வீட்டு பெல்லை அடித்தேன்.

"காம்பவுண்டு சுவரா? நேத்து வரைக்கும் நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

தலைகுனிந்து நின்றேன். அங்கிள் டிராயரைத் திறந்து பெயின்ட் கம்பெனி ஷேடு கார்டை எடுத்து நீட்டினார். இளமஞ்சளில் ஏற்கெனவே பென்சில் வட்டம். சரி என்றேன். மழைக்கு முன்னால் கயிறு கட்டியாயிற்று.

இப்போது அவர் வீடு பளபளக்கிறது. என் அறை தரைமட்டத்தைத் தாண்டவில்லை. ஆனால், பாடம் கற்றுக்கொண்டேன்.

எங்கள் இடதுபக்கத்து வீட்டை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்களாம். எங்கள் ஹாலில், காலண்டருக்குப் பின்னால் ஒரு விரிசல் இருக்கிறது...

நேற்று வரை இல்லை!